மூச்சுக்குத் தக்க பாட்டு

அண்ணன் மகன் ஈஸ்டர் லீவுக்குப் பெங்களூரிலிருந்து குன்னூர் வந்திருந்தான். ஜெத்ரோ டல் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் புது ஆல்பம் 'க்யூரியஸ் ரூமினன்ட்' 2025 மார்ச் 7 அன்று வெளிவந்ததிலிருந்து வீட்டில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டாவது பாட்டு பாதி போயிருக்கும். "பாவமா இருக்கு அத்தை. குரலே இல்லையே. இந்த மனுஷன் எப்பவோ நிறுத்தியிருக்கலாம்" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. கல்லூரி நாளிலிருந்து கிடார் வாசிக்கிறவன், நீளமான பாட்டைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்கிறவன். அதனால்தான் அந்த வார்த்தை உறுத்தியது. அந்தக் குழுவில் பாடுகிறவரும் குழல் ஊதுகிறவருமான இயன் ஆண்டர்சனுக்கு அப்போது வயது 77. குரல் போய்விட்டது என்பது உண்மை. ஆனால் "நிறுத்தியிருக்கலாம்" என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, ஏன் என்று அவனுக்கு எடுத்துச் சொல்லவும் வரவில்லை. அவன் ஊருக்குப் போன பிறகும், பாத்திரம் கழுவும்போதும் பரீட்சைத் தாள் திருத்தும்போதும் அந்தச் சொல் கூடவே வந்துகொண்டிருந்தது.

நாம் இதைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கிரிக்கெட்காரர்களைச் சொல்கிறோம், நடிகர்களைச் சொல்கிறோம். கிரிக்கெட்டிலாவது கணக்கு இருக்கிறது. பந்து ஸ்டம்பைச் சாய்த்தால் அதற்குமேல் பேச்சில்லை. பாட்டுக்கு அப்படி ஒரு ஸ்டம்ப் எங்கே இருக்கிறது? ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ரிக்கார்டுதான் ஸ்டம்பா? ஒருவருடைய 24 வயதுக் குரலை அவருடைய 77 வயதுக்கு அளவுகோலாக வைத்தால் அவர் எப்படிப் பாடினாலும் தோற்கத்தான் செய்வார். இதுவரை எனக்குத் தெளிவுதான். இதற்கு அடுத்த படிதான் பிடிபடாமல் இருந்தது. அந்த அளவுகோலை எடுத்துவிட்டால் வேறு எதைக் கொண்டு அளப்பது? வயதானவர், பாவம், போகட்டும் என்று மார்க் போடுவதா? அது அவன் சொன்னதைவிடப் பெரிய அவமரியாதை.

இந்தக் குழுவை எனக்குக் காட்டியவர் சித்தப்பா. பேங்க் உத்தியோகம், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் கொயரில் டெனர், அதாவது ஆண்களில் உச்சக் குரல். அவர் வீடு ரயில் பாதைக்கு மேலே, தேயிலைச் சரிவை ஒட்டி இருந்தது. மெட்ராஸுக்குப் போகிறவர்களிடம் பணம் கொடுத்து பர்மா பஜாரிலிருந்து கேசட் வாங்கிவரச் சொல்வார். 1972-இல் வந்த 'திக் ஆஸ் எ ப்ரிக்' ஆல்பம் முழுவதும் ஒரே பாட்டு, 43 நிமிஷம் 46 விநாடி. எல்பி தட்டில் கேட்டவர்கள் எல்லாரும் நடுவில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டாக வேண்டும். சித்தப்பாவிடம் இருந்தது 90 நிமிஷக் கேசட். ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம். யாரோ புண்ணியவான் தட்டு திருப்பும் நேரத்தில் பாஸ் பட்டனை அமுக்கிப் பதிவு செய்திருந்ததால் முழுப் பாட்டும் ஒரே பக்கத்தில் அடங்கியிருந்தது. அந்தப் பாட்டு ஓடும்போது அவர் வீட்டில் யாரும் பேசக்கூடாது. சித்தி குக்கர் வைப்பதைக்கூடத் தள்ளிப்போடுவார்.

அதற்கு முந்தைய வருஷத்து 'ஆக்வாலங்' ஆல்பத்தில் 'லோகோமோட்டிவ் ப்ரெத்', அதாவது ரயில் எஞ்சினின் மூச்சு, என்று ஒரு பாட்டு இருக்கிறது. குன்னூர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டை அறிமுகப்படுத்தவே வேண்டாம். எங்கள் மலை ரயிலில், கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டரை அடிக்கு ஓரடி என்ற ஏற்றத்தில், பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். நடுவில் நின்று தண்ணீர் பிடித்துக்கொள்ளும். பாட்டில் வருவது நிறுத்த வழியில்லாமல் தறிகெட்டு ஓடும் ரயில். எங்கள் வண்டியோ நின்று நின்றுதான் மேலே ஏறும். எஞ்சின் இரைவது வீட்டுக்குள் கேட்டால் சித்தப்பா டேப்பின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "கேளு கண்ணு, தாளம் எங்க வருதுன்னு கேளு" என்பார். தாளம் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

குரல் போனது இப்போது அல்ல

ஆண்டர்சனின் குரல் கெட்டது ஏதோ நேற்று நடந்தது என்று புதிதாகக் கேட்பவர்கள் நினைக்கிறார்கள். 1984-இல் 'அண்டர் ராப்ஸ்' ஆல்பத்தின் பாட்டுகளை அவர் தன் எல்லைக்கு மேல் உச்சத்தில் அமைத்துக்கொண்டார். அதே பாட்டுகளை இரவுக்கிரவு மேடையில் பாடியதில் தொண்டை பழுதுபட்டது. குழு சில காலம் ஓய்வெடுத்தது. 1987-இல் 'க்ரெஸ்ட் ஆஃப் எ நேவ்' வந்தபோது குரல் கீழே இறங்கி, அடங்கி, பேச்சுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அந்த ஆல்பத்துக்குத்தான் 1989-இல் கிராமி விருது கிடைத்தது. ஹார்ட் ராக், மெட்டல் பிரிவில் மெட்டாலிகாவைத் தாண்டி இவர்களுக்குக் கொடுத்ததைப் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது. அந்தச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. குரல் உடைந்த மனிதர் அதற்குப் பிறகு நாற்பது வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறார், அதாவது உடையாத குரலோடு பாடிய காலத்தைப் போல இரண்டு பங்குக்கு மேல். எது அவருடைய 'உண்மையான' குரல் என்று யார் சொல்வது?

குரலோடு போகவில்லை. தனக்கு சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் நோய் இருப்பதாக 2020-இல் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். அரைநூற்றாண்டாக மேடைகளில் புகை கக்கும் இயந்திரங்களுக்கு நடுவே நின்று ஊதியதும் ஒரு காரணம் என்பது அவர் எண்ணம். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பாட்டு அல்ல, அவருடைய புல்லாங்குழல். அறுபதுகளில் எரிக் கிளாப்டனைக் கேட்டுவிட்டு, இனி கிடாரில் நமக்கு இடமில்லை என்று கையிலிருந்த கிடாரைக் கொடுத்துவிட்டுக் குழலை எடுத்தவர். யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் ஊதிப் பழகியவர். தொண்ணூறுகளில் மகள் பள்ளியில் குழல் கற்கத் தொடங்கிய பிறகுதான் தன் விரல் பிடிப்பு தப்பு என்று கண்டுகொண்டு, நாற்பது வயதுக்கு மேல் முதலிலிருந்து பழகினார். உலகமே கொண்டாடிய வாசிப்பை வைத்துக்கொண்டு அப்படித் திரும்பப் பழக எத்தனை பேருக்கு மனசு வரும்? அந்த ஆளுக்கு மூச்சில் நோய் வந்தது எனக்குத் தாங்கவில்லை.

அண்ணன் மகனுக்குப் பதில் தேடியபோது முதலில் நம் கச்சேரிப் பழக்கத்தைத்தான் துணைக்கு அழைத்தேன். செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறை நெருங்கிய வயதிலும் மேடையேறினார். அவர் குரல் எந்த வயதிலும் சொன்னபடி கேட்கும் குரலாக இருந்ததில்லை. ஆனால் ராகத்தை எங்கிருந்து எடுக்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்று கேட்பதற்காக அரங்கு நிறைந்தது. கட்டையை, அதாவது சுருதியை, இறக்கிக்கொள்வது நம் ஊரில் குறையே இல்லை. வயதானால் எல்லாரும் செய்வது. வயதான குரலைக் கேட்கும் காது நமக்கு உண்டு. ராக் கேட்பவர்களுக்கு அது ஏன் வாய்க்கவில்லை?

எழுதி வைத்துக்கொண்டு நாலு நாள் கழித்துப் படித்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்கவில்லை. கச்சேரியில் வித்வான் அந்த நேரத்தில் புதிதாக உண்டாக்குகிறார். தொண்டை ஒத்துழைக்காவிட்டால் வேறு வழியாகப் போவார், பக்கத்தில் வயலின்காரர் தாங்கிக்கொள்வார். ராக் ரிக்கார்டில் பாட்டு என்பதே அந்த ஒரு பதிவுதான். 1971-இல் பாடியது நம் காதுக்குள் மாறாமல் உட்கார்ந்திருக்கிறது. கேட்கிறவர்களுக்குப் பக்குவம் போதாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. புது ஆல்பத்துக்குள்ளேயே பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவன் சொன்னதுதான் சரி.

குவித்த உதடு

சித்தப்பாவுக்கும் ஆண்டர்சனுக்கு வந்த அதே நோய். சில வருஷமாக மாடிப்படி ஏறுவதில்லை, கொயரை விட்டுவிட்டார். குன்னூர் 1850 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே கோயம்புத்தூருக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம், ஓடும்போது தாழ்வாக உறுமிக்கொண்டு, சில விநாடிக்கு ஒருமுறை 'புஸ்' என்று காற்றை விடும். மூக்கில் குழாயோடு பாட்டுக் கேட்பது அவருக்குப் பிடிக்காது, இயந்திரத்தின் தாளம் பாட்டின் தாளத்தில் முட்டுகிறது என்பார். அதனால் காலை நேரத்தில், மூச்சு ஓரளவு லேசாக இருக்கும்போது, அதை நிறுத்திவிட்டுக் கேட்போம்.

அவருக்குப் பிசியோதெரபிஸ்ட் ஒரு பயிற்சி கற்றுக்கொடுத்திருக்கிறார். மூக்கால் இழுத்து, விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரண்டு மடங்கு நேரம் மெதுவாக ஊத வேண்டும். "எதிர்ல மெழுகுவத்தி இருக்கறதா நினைச்சுக்குங்க. தீ ஆடணும், அணையக் கூடாது." இந்த நோயில் உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் சிரமம். நுரையீரலின் சுருங்கும் பலம் குறைந்து, காற்று வெளியேறுவதற்குள் சின்னச் சின்னக் குழாய்கள் ஒட்டிக்கொள்ளும். பழைய காற்று உள்ளேயே தங்கிவிடும். உதட்டைக் குவித்து ஊதினால் உள்ளே கொஞ்சம் அழுத்தம் நிற்கும், குழாய்கள் திறந்திருக்கும், காற்று வெளியே வரும். சித்தப்பா அதை வேண்டாவெறுப்பாகச் செய்வார். உச்ச ஸ்தாயியில் கீர்த்தனை பாடியவரை மெழுகுவர்த்தி ஊதச் சொன்னால் வேறெப்படிச் செய்வார்?

அன்றைக்கு ஆல்பத்தின் எட்டாவது பாட்டைப் போட்டேன். 'ட்ரிங்க் ஃப்ரம் தி சேம் வெல்', 16 நிமிஷம் 42 விநாடி. பாட்டு வரிகள் வருவதற்கு முன்பே குழல் நெடுநேரம் ஓடுகிறது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் உதடு குவிந்திருந்தது. குழல் ஒரு இசைத் தொடரை எடுத்து முடிக்கும்வரை அவரும் ஊதுகிறார். குழல் நிற்கும்போது மூக்கால் இழுக்கிறார். சில இடங்களில் குழல் அவரைத் தாண்டிப் போய்விட்டது; விட்டுவிட்டு அடுத்த வாக்கியத்தில் சேர்ந்துகொண்டார். நான் பேசாமல் இருந்தேன். பாட்டு முடிந்ததும், "திருப்பிப் போடு கண்ணு" என்றார்.

இரண்டாம் முறை ஆண்டர்சன் பாடத் தொடங்கியதும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "கவனிச்சியா? ஒரு வரிக்கு எத்தனை வார்த்தை வெச்சிருக்கான் பாரு. சின்னச் சின்ன வரி. நீட்டற இடமே கிடையாது. பேசற மாதிரி சொல்லிட்டு விட்டுடறான். உடனே குழல் வந்துடுது." மூச்சு வாங்கிக்கொண்டார். "நானும் முதல்ல நினைச்சேன், பாட முடியல, அதனால இடம் விடறான்னு. ஆனா இடம் விட்டுட்டு சும்மா இருந்தாத்தானே ஓய்வு? குழல் ஊதறதுக்குப் பாடறதைவிட மூச்சு ஜாஸ்தி வேணும். இருக்கிறதே கொஞ்சம் மூச்சு. அதை எதுல செலவு பண்ணணும்னு முடிவு பண்ணிட்டு எழுதியிருக்கான் இந்த ஆளு. குரலுக்குக் கையை இறுக்கிட்டு, எல்லாத்தையும் குழலுக்குக் கொடுத்துட்டான்."

நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். புல்லாங்குழலில் நாதஸ்வரத்துக்கு இருப்பதுபோல் வாயில் வைத்து ஊதும் சீவாளி கிடையாது. காற்றைத் தடுத்துப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. உதட்டிலிருந்து போகும் காற்று துளையின் விளிம்பில் மோதி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி ஒலிக்கு உதவாமல் வெளியே போய்விடும். கோத்தகிரிப் பக்கம் கோத்தர் பழங்குடியினர் வாசிக்கும் கொள் என்னும் சீவாளிக் குழலைத் திருவிழாவில் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த ஒலி அறுந்துபோகாமல் வந்துகொண்டே இருக்கும். கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்து, ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சிழுக்கும் வித்தை அவர்களுக்குக் கைவந்தது. பக்கக் குழலில் அது மிகவும் கடினம். இழுக்கும் ஒவ்வொரு இடத்திலும் இசை நின்றாக வேண்டும். ஆகவே குழல்காரர் ஒரு மெட்டை எழுதும்போதே எங்கே மூச்சு என்பதையும் சேர்த்துத்தான் எழுதுகிறார். 'திக் ஆஸ் எ ப்ரிக்' எழுதியவருக்கு அந்தக் கணக்கைப் பற்றிக் கவலையே இருந்திருக்காது. 'க்யூரியஸ் ரூமினன்ட்' எழுதியவருக்கு ஒவ்வொரு அடியிலும் அந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. அந்தக் கணக்குதான் இந்த ஆல்பத்தின் வடிவம். குரல் குறைந்துபோனதை எங்கேயும் மூடி மறைக்கவில்லை. இந்தக் குரலுக்குப் பொருந்தும் வரிகளை மட்டுமே எழுதியிருக்கிறார். பழைய பாட்டை இந்தக் குரலில் பாடினால் இழப்பு தெரியும். இந்தப் பாட்டுகளை அந்த 24 வயதுக் குரலில் பாடச் சொன்னால்தான் பொருந்தாது என்று நினைக்கிறேன்.

இதில் என்னை யோசிக்க வைக்கும் இன்னொன்றும் இருக்கிறது. 2007-இல் முடிக்காமல் விட்ட சில வாத்திய இசைப் பதிவுகளை எடுத்து, புதிதாக எழுதியவற்றோடு சேர்த்துத்தான் இந்த ஆல்பத்தைச் செய்திருக்கிறார்கள். அன்றைய கீபோர்டுக்காரர் ஆண்ட்ரூ கிடிங்ஸின் பெயரும், ட்ரம்ஸ் வாசித்த ஜேம்ஸ் டங்கனின் பெயரும் பட்டியலில் இருப்பது அதனால்தான். இந்த டங்கன், இயன் ஆண்டர்சனின் மகன். ஆக, அறுபது வயதில் நினைத்த இசைக்கு 77 வயதில் சொல் வைத்திருக்கிறார். பழைய வேலையை முடிக்க இவருக்கு ஆசை இருக்கிறது. அந்த ஆசை இருக்கிறவரிடம் போய் நிறுத்து என்று எப்படிச் சொல்வது?

குறை இல்லையா என்றால், இருக்கிறது

பழைய கிடார்காரர் மார்ட்டின் பார் இல்லாதது எனக்கு ஒவ்வொரு பாட்டிலும் உறுத்துகிறது. 1968 கடைசியிலிருந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆண்டர்சனோடு வாசித்தவர். அவர் கிடாரில் ஒரு முரட்டுத்தனம் உண்டு; குழல் மென்மையாகப் போகும்போது குறுக்கே வந்து விழும். புது கிடார்காரர் ஜாக் கிளார்க் சுத்தமாக வாசிக்கிறார், ஆனால் ஆண்டர்சனை எதிர்த்து வாசிக்கவில்லை. 2022-இல் 'தி ஸெலட் ஜீன்', 2023-இல் 'ராக்ஃப்ளூட்', இப்போது இது: மூன்றிலும் எனக்கு இதே ஏக்கம். நடுவில் இரண்டு மூன்று பாட்டுகள் ஒரே நடையில் போவதால் எது எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. நாட்டுப்புற ஆட்டத்தின் துள்ளலோடு வரும் 'ஸ்டிஜியன் ஹேண்ட்' வந்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முந்தைய இரண்டு ஆல்பங்களில் பைபிளையும் வட ஐரோப்பாவின் நார்ஸ் தொன்மங்களையும் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றவர் இதில் 'நான்' என்று பேசுகிறார். இந்தக் குழுவை ரொம்ப நாளாகக் கேட்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும்.

'சவானா ஆஃப் பாடிங்டன் க்ரீன்' என்ற பாட்டில் சூடேறிப்போன உலகில் லண்டனின் நடுவே இருக்கும் பசுமை புல்வெளிக் காடாக மாறுவதாகக் கற்பனை செய்கிறார். இங்கே உட்கார்ந்து அதைக் கேட்பது வேறு விதமாக இருக்கிறது. நீலகிரியில் புல்வெளிதான் பழையது. சோலையும் புல்வெளியுமாக இருந்த மலைமேல் தேயிலையும் யூகலிப்டஸும் சீகை மரமும் வந்து மூடின. அவருக்கு எச்சரிக்கையாகத் தோன்றும் புல்வெளி எங்களுக்கு இழந்த சொத்து. பாட்டில் குற்றம் சொல்லவில்லை. குன்னூரில் கேட்டால் அந்தப் பாட்டு தலைகீழாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

அண்ணன் மகனுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். "மூச்சுக் கணக்கு சரி அத்தை, அதை இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறேன். ஆனா மேடையில பழைய பாட்டையும் பாடறாரே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றான். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மேடையில் 'ஆக்வாலங்'கை எதிர்பார்த்துக் காசு கொடுத்து வருகிறவர்களுக்கு அவர் கடமைப்பட்டவர்; அந்தப் பாட்டுகள் வேறு மூச்சுக்கு எழுதப்பட்டவை. புது ஆல்பத்தை மட்டும் வாசித்துவிட்டுப் போனால் எனக்குப் போதும், ஆனால் என்னைப் போன்றவர்களை வைத்து அரங்கை நிரப்ப முடியாது.

ஆல்பத்தின் கடைசித் துண்டு 'இன்டரிம் ஸ்லீப்'. இரண்டரை நிமிஷம்தான். பாட்டே கிடையாது, மெல்லிய இசைக்கு மேல் ஆண்டர்சன் வெறுமனே வாசிக்கிறார், இறந்துபோனவர் இருக்கிறவர்களுக்கு ஆறுதல் சொல்வதுபோல். எனக்கு அது வேண்டும். குரலைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்த ஆல்பம் பேச்சில் வந்து நிற்பது நியாயம் என்று படுகிறது. சித்தப்பாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. "பதினாறு நிமிஷம் ஊதிட்டு, கடைசில இரங்கல் கூட்டம் மாதிரி பேசறான். எனக்கு வேண்டாம்" என்று எட்டாவது பாட்டு முடிந்ததும் நிறுத்தச் சொல்லிவிடுகிறார். அவருக்கு அது வேண்டாம் என்பதன் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் ஆல்பத்தை எழுதினவன் எங்கே முடித்தானோ அதுவரை கேட்க வேண்டும் என்று நானும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 'திக் ஆஸ் எ ப்ரிக்' ஓடும்போது பேசக்கூடாது, நடுவில் எழக்கூடாது என்று எனக்குச் சட்டம் போட்டவரே அவர்தானே.